புதிய திறன்பேசி அறிமுகமும் சந்தைத் தட்டுப்பாடும்

பெரும் எதிர்பார்ப்போடு ஒரு புதிய திறன்பேசி சந்தைக்கு வரும்போது, முதல் சில நாள்களோ வாரங்களோ, சில சமயம் மாதங்களோகூட, அது கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காமல் போவதை அறிமுகக் காலத் தட்டுப்பாடு எனலாம். ஸ்மார்ட்போன் என்று நாம் பரவலாக அழைக்கும் இந்தக் கருவிகளின் சந்தையில் இது ஏறத்தாழ ஆண்டுதோறும் நிகழ்கிறது. கடைக்குப் போனால் "ஸ்டாக் இல்லை", இணையத்தில் தேடினால் "விற்றுத் தீர்ந்தது", முன்பதிவு செய்தால் "மூன்று வாரம் ஆகும்" என்று மக்கள் இதை மூன்று வடிவங்களில் சந்திக்கிறார்கள்.

சென்னையின் தென்புறநகரில் வசிப்போருக்கு இதில் கூடுதலாக ஒரு புதிர் உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் பிளஸ் டூ மாணவன் ஒருவன் அதை என்னிடம் இப்படிக் கேட்டான்: "சார், ஐபோன் செய்யுறதே நம்ம ஸ்ரீபெரும்புதூர்லதான். கேம்ப் ரோட்டுல இருக்குற கடையில மட்டும் ஏன் சார் கிடைக்க மாட்டேங்குது?" ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன் நான். அன்று அவனுக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலைப் பிறகு தேடிப் படித்து நிறைவு செய்ததே இக்கட்டுரை.

பழைய வரிசைகள்

காத்திருப்பது இந்தியருக்குப் புதிதல்ல. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்து ஆண்டுகள் வரை காத்திருந்தவர்கள் உண்டு. வீட்டுத் தொலைபேசி இணைப்புக்கும் சமையல் எரிவாயு இணைப்புக்கும் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் நாள் எண்ணிய தலைமுறை எங்களுடையது. ஆனால் அந்தத் தட்டுப்பாட்டின் காரணம் வேறு. ஒரு தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்தது. தேவை இருந்தும், செய்யத் திறன் இருந்தும், கூடுதலாகச் செய்ய அனுமதி இல்லை. 1991 பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் அந்த வகைத் தட்டுப்பாடு மெல்ல மறைந்தது. இன்றைய திறன்பேசித் தட்டுப்பாட்டில் எந்த உரிமத் தடையும் இல்லை. விற்பவர் விற்கவே விரும்புகிறார், வாங்குபவர் கையில் பணத்தோடு நிற்கிறார். இருந்தும் பொருள் இல்லை என்பதுதான் விளக்கம் தேவைப்படும் இடம்.

இடைப்பட்ட காலத்தில் இன்னொரு வகையும் இருந்தது. வெளிநாட்டில் வெளியான போன் இந்தியாவுக்கு வரவே நாளாகும். ஐபோன் 3ஜி அமெரிக்காவில் 2008 ஜூலை 11 அன்று வெளியானது. இந்தியாவில் ஆகஸ்ட் 22. ஐபோன் 4 இன்னும் மோசம். அங்கே 2010 ஜூன் 24, இங்கே 2011 மே 27. அந்தப் பதினொரு மாத இடைவெளியில்தான் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் பிழைத்தன. துபாய், சிங்கப்பூர் வழியாக வந்த போன்கள் பில்லும் வாரண்டியும் இல்லாமல் கூடுதல் விலைக்குக் கைமாறின.

நொடிகளில் தீர்ந்த விற்பனைகள்

இந்தியாவில் அறிமுகக் காலத் தட்டுப்பாடு பொதுமக்கள் பேச்சுக்கு வந்த ஆண்டு 2014 எனலாம். அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று மோட்டோ ஜி, ஃபிளிப்கார்ட் தளத்தில் மட்டும் விற்பனைக்கு வந்து விரைவில் தீர்ந்துபோனது. ஜூலையில் சீன நிறுவனமான ஷாவ்மி 13,999 ரூபாய்க்கு எம்ஐ 3 என்ற போனோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. ஜூலை 22 அன்று நடந்த முதல் விற்பனையில் தளமே திணறி நின்றது. சுமார் 39 நிமிடங்களில் கையிருப்பு முடிந்தது. அடுத்த வாரம் 5 நொடி. அதற்கடுத்த வாரம் 2 நொடி. செப்டம்பர் 2 அன்று 5,999 ரூபாய் விலையில் வந்த ரெட்மி 1எஸ் 40,000 போன்களும் 4.2 நொடிகளில் விற்றதாக அறிவிக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 9,500 போன்கள். கண் இமைக்கும் நேரத்தில் யாரும் ஒரு பொருளைப் பார்த்து, யோசித்து, முகவரி எழுதி வாங்க முடியாது. முன்பே பதிவு செய்து வைத்திருந்த பெருங்கூட்டத்தில் சிலருக்கு மட்டும் சீட்டு விழுந்தது என்பதே உண்மை நிலை. "விற்பனை" என்று பெயர், நடந்தது குலுக்கல். தானாகவே பொருளைக் கூடையில் சேர்க்கும் சிறு மென்பொருள்களை அன்று இளைஞர்கள் தேடித் தேடி நிறுவிக்கொண்டதும், நெட் வேகம் அதிகமுள்ள நண்பன் வீட்டில் கூடியதும் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஒன்பிளஸ் ஒன் இன்னொரு வழியைக் கையாண்டது. அழைப்பு பெற்றவர் மட்டுமே வாங்கலாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி, போன் வாங்கவும் பத்திரிகை.

2017-இல் ஜியோபோனுக்கு ஆகஸ்ட் 24 அன்று முன்பதிவு தொடங்கியது. 500 ரூபாய் முன்பணம். சுமார் 60 லட்சம் பேர் பதிவு செய்ய, இரண்டே நாளில் முன்பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று. இது ஆடம்பரப் பொருள் அல்ல; 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் கிடைத்த, சாதாரண விசைப்பலகை கொண்ட போன். ஆக, தட்டுப்பாடு விலையுயர்ந்த கருவிகளுக்கு மட்டுமே வரும் என்பது சரியல்ல.

போதுமான அளவு ஏன் செய்வதில்லை?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றால் விடை பாதி புரிந்துவிடும். அந்தக் கூட்டம் முழுவதையும் ஏற்றிச் செல்லும் அளவுக்கு ரயில் பெட்டிகள் வாங்கி வைத்தால், மீதி ஆண்டு முழுக்க அவை வெறுமனே நிற்கும். திறன்பேசிக்கும் இப்படித்தான். 2014-இல் ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டும் வெளியான முதல் மூன்று நாள்களில் 1 கோடிக்கும் மேல் விற்றன. இந்த உச்சத் தேவை சில வாரங்களில் வடிந்துவிடும். உச்சத்துக்கு ஏற்றபடி ஆலை கட்டினால், பிறகு எந்திரமும் ஆளும் சும்மா இருக்க நேரிடும். ஆகவே நிறுவனங்கள் சராசரிக்குச் சற்று மேலாக ஆலை வைத்து, உச்ச நாள்களில் வாடிக்கையாளரைக் காக்க வைக்கின்றன.

அதிகமாகச் செய்து விற்காமல் போனால் என்ன ஆகும் என்ற பயமும் உண்டு. அமேசான் 2014-இல் வெளியிட்ட ஃபயர் போன் யாராலும் சீந்தப்படவில்லை. அவ்வாண்டு அந்நிறுவனம் அதற்காக 17 கோடி டாலரை இழப்பாக எழுதியது. விற்காத அரிசியை அடுத்த ஆண்டு பழைய அரிசி என்று நல்ல விலைக்கே விற்கலாம். விற்காத போன் அடுத்த ஆண்டு பழைய போன்தான்.

மூன்றாவது காரணம் வேதியியல் படித்தவர்க்கு எளிதில் புரியும். பதினொன்றாம் வகுப்பில் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்று ஒன்று படிக்கிறோம். வினைபடு பொருள்களில் எது முதலில் தீருகிறதோ அதுவே விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கும். வீட்டில் நாலு படி இட்லி அரிசி இருந்தாலும் உளுந்து ஒரு ஆழாக்குதான் என்றால், இட்லி உளுந்தின் அளவுக்குத்தான் வரும். ஒரு திறன்பேசியில் நூற்றுக்கணக்கான பாகங்கள் உள்ளன. சில்லு, திரை, கேமரா, மின்கலம், ஆன்டெனா, திருகு என்று எல்லாம் வெவ்வேறு ஆலைகளில், வெவ்வேறு நாடுகளில் செய்யப்படுகின்றன. ஒன்று தாமதித்தாலும் மீதி அத்தனையும் பெட்டியில் கிடக்கும். 2017-இல் ஐபோன் எக்ஸ் தாமதமானதற்கு முகத்தை அடையாளம் காணும் கேமராத் தொகுதியைச் செய்வதில் இருந்த சிக்கல் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஐபோன் 4-இன் வெள்ளை நிறப் பதிப்பு, கறுப்பு வந்து பத்து மாதங்கள் கழித்து, 2011 ஏப்ரல் 28 அன்றுதான் வெளியானது. வெள்ளை நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவதே சிக்கலாக இருந்ததாம்! 2021-இல் உலகளாவிய சில்லுப் பற்றாக்குறையால் ஜியோபோன் நெக்ஸ்ட் வெளியீடு செப்டம்பரிலிருந்து தீபாவளிக்குத் தள்ளிப்போனது.

புதிய பாகங்களில் தொடக்கத்தில் கழிவும் அதிகம். நூறு செய்தால் எத்தனை தேறும் என்பது உற்பத்தி பழகப் பழகத்தான் உயரும். அறிமுக நாளன்று தேவை உச்சத்தில் இருக்கும். தேறும் விகிதமோ அடிமட்டத்தில் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் சந்திப்பதே இத்தட்டுப்பாட்டின் இயல்பு.

இவற்றோடு கடைக்காரர்களும் தம் பங்குக்குச் சேர்க்கிறார்கள். பத்து போன் கேட்டால் ஐந்துதான் வரும் என்று தெரிந்த கடைக்காரர் அடுத்த முறை இருபது கேட்பார். மொத்த வியாபாரி நாற்பது கேட்பார். தெருவில் உள்ள தேவை சிறிது அசைந்தாலே ஆலையில் அது பேரலையாகத் தெரியும். பிடியை லேசாக அசைத்தால் நுனி வீசி அடிக்கும் சாட்டையோடு ஒப்பிட்டு இதைச் சாட்டை விளைவு என்பார்கள். வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் இப்படிப் பெருகிய ஆர்டர்களை நம்பிப் பொருள் குவித்து, 2001-இல் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை இழப்பாக எழுத நேர்ந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் வாடிக்கையாளரும் இதையே செய்கிறார். மூன்று கடைகளில் பெயர் எழுதி வைத்துவிட்டு, முதலில் எங்கே வருகிறதோ அங்கே வாங்குகிறார். மூன்று கடைக்காரர்களும் தமக்கு ஒருவர் இருப்பதாக எண்ணுகிறார்கள்.

ஓர் ஊர் நின்றால் உலகம் காத்திருக்கும்

சீனாவின் செங்சோவ் நகரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலை, சுமார் 2 லட்சம் பேர் வேலை செய்யும் இடம். 2022 அக்டோபர் இறுதியில் அங்கே கொரோனாக் கட்டுப்பாடுகள் தாங்காமல் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே ஊர் திரும்பினர். நவம்பர் 6 அன்று ஆப்பிள் நிறுவனம், ஐபோன் 14 புரோ வகைகளுக்கு வாடிக்கையாளர்கள் கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும் என அறிவித்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில் வந்த இந்த முடக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் ஆப்பிளின் வருவாய் முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காடு குறைந்து 11,720 கோடி டாலராக இறங்கியதற்கு ஒரு காரணம். முட்டைகளை ஒரே கூடையில் வைத்ததன் விலை அது. தமிழ்நாட்டின் பக்கம் ஆப்பிளின் பார்வை அழுத்தமாகத் திரும்பியதில் இதற்குப் பங்கு உண்டு.

இங்கே செய்தது இங்கே ஏன் கிடைப்பதில்லை?

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூருக்கும் கைபேசிக்கும் உள்ள உறவு 2006-இல் நோக்கியா ஆலையோடு தொடங்கியது. அது 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பிறகு 2019-இல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் இப்பகுதியில், சுங்குவார்சத்திரத்தில், ஐபோன் எக்ஸ்ஆர் வகையைச் செய்யத் தொடங்கியது. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் ஆலை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் 60 விழுக்காடு பங்குகளை 2025 ஜனவரியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கியது. ஒரு காலத்தில், புது மாடல் சீனாவில் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தே இந்தியாவில் செய்யப்படும். ஐபோன் 14 சில வாரங்களிலேயே இங்கு தொடங்கியது. 2023 செப்டம்பர் 22 அன்று ஐபோன் 15 வெளியானபோது, இந்தியாவில் செய்த போன் முதல் நாளே கடைக்கு வந்தது.

ஆனால் "இங்கே செய்தது" என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கு பெருமளவு நடப்பது பாகங்களை இணைத்துச் சோதித்துப் பெட்டியிடும் வேலை. சில்லும் திரையும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஆலை சுங்குவார்சத்திரத்தில் இருந்தாலும் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி தைவானிலோ தென்கொரியாவிலோ இருக்கலாம். ஒசூர் அருகே டாடா ஆலையில் ஐபோனின் வெளிக்கூடுகள் செய்யப்படுகின்றன. 2024 செப்டம்பர் 28 அன்று அங்கே தீப்பிடித்து வேலை நின்றது. தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்த நேரம். பாகமும் உள்நாட்டுக்கு வந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு, சிக்கலும் உடன் வரும் என்பது அன்று தெரிந்தது. 2023 செப்டம்பரில் பெகாட்ரான் ஆலையிலும் தீ விபத்தால் சில நாள்கள் உற்பத்தி நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் நம் புறநகர்த் தெருக்கள் நீரில் நின்றபோது இரு ஆலைகளும் வேலையை நிறுத்தின.

அடுத்தது, செய்த போன் யாருக்குப் போகிறது என்பது. எந்த நாட்டுக்கு எத்தனை என்பதை ஆலை தீர்மானிப்பதில்லை, ஆப்பிள் தீர்மானிக்கிறது. ஆலைக்கு அருகில் வீடு இருப்பதால் நமக்கு முன்னுரிமை ஏதும் கிடையாது. திருப்பூரில் தைக்கும் சட்டை திருப்பூர்க் கடையில் தொங்குவதில்லை என்பதை நாம் வெகுகாலமாக அறிவோம். போனைப் பொறுத்தவரை அது இன்னும் மனத்தில் பதியவில்லை. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023-24-இல் 956 கோடி டாலர். 2024-25-இல் 1,465 கோடி டாலர். இதில் திறன்பேசிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

2025 வசந்தத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது கடும் இறக்குமதி வரி விதித்த நேரம். மார்ச் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, சுமார் 600 டன் ஐபோன்கள், அதாவது 15 லட்சம் வரை, சரக்கு விமானங்களில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனை நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலை ஞாயிற்றுக்கிழமைகளிலும் இயங்கியது. மீனம்பாக்கம் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரம். நாம் அண்ணாந்து பார்த்த விமானங்களில் சில அவையாக இருந்திருக்கலாம். நியூயார்க் கடையில் தட்டுப்பாடு வராமல் இருக்கத் தாம்பரத்தின் தலைக்கு மேலே அவை பறந்தன.

2025 செப்டம்பர் 19 அன்று ஐபோன் 17 வெளியானது. இம்முறை நான்கு வகைகளுமே தொடக்கத்திலிருந்து இந்தியாவிலும் செய்யப்பட்டன. இருந்தும் மும்பை பாந்த்ரா குர்லா வளாகக் கடையில் முதல் நாள் கூட்டத்தில் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. அக்டோபர் 30 அன்று டிம் குக், சில வகைகளுக்குத் தட்டுப்பாடு நீடிப்பதையும், தேவை மிகுந்ததே காரணம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அதற்கு முன், ஜூலையில், இந்திய ஆலைகளில் இருந்த 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. எந்திரம் வாங்கலாம், அதை ஓட்டிப் பழகிய கையை விலைக்கு வாங்க முடியாது.

தட்டுப்பாட்டை ஈடுகட்டும் கைகள்

"உற்பத்தி அதிகரிக்கப்படும்" என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அதன் பொருள் யாரோ கூடுதல் நேரம் நிற்கப்போகிறார்கள் என்பது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுள்ள பெண்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போன என் பழைய மாணவிகள் சிலரும் அவர்களில் உண்டு.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே உள்ள விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் உணவு ஒவ்வாமையால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்களின் நிலை பற்றித் தெளிவான தகவல் கிடைக்காமல், வதந்தி பரவி, டிசம்பர் 17 இரவு தொடங்கிச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சிறு அறையில் பலர், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிவறை என்பவை அப்போதுதான் வெளியே தெரிந்தன. சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரவிதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. நாளேடுகளின் வணிகப் பக்கங்களில் அந்த வாரங்களில் எழுந்த முதல் கேள்வி ஐபோன் 13 தாமதமாகுமா என்பதாக இருந்தது. எனக்கு அது உறுத்தலாகப்பட்டது.

அந்த நிகழ்வுக்குப் பின் மாற்றமும் வந்தது. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தைக் கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். ஆனால் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2024 ஜூனில், திருமணமான பெண்களை ஐபோன் இணைப்பு வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தி வெளியாகி, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலை நேரமும் தீராத வழக்கு. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று அரசு விளக்கியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்கவே மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் உச்சம் தொடும் ஒரு தொழிலுக்கு, அந்தச் சில வாரங்களில் கூடுதல் மணிநேரம் மிகவும் தேவை. அதை யார், எந்த நிபந்தனையில் தருவது என்பதே அங்கு பேசப்பட்டது.

வேண்டுமென்றே செய்யும் தட்டுப்பாடா?

"கிடைக்கவில்லை" என்ற செய்தியே ஒரு விளம்பரம் என்பது உண்மை. கூட்டம் நிற்கும் கடையில்தான் நாமும் போய் நிற்போம். 40,000 போன்களை ஒரே வாரத்தில் அமைதியாக விற்பதைவிட, 4 நொடியில் விற்றுத் தலைப்புச் செய்தியாவது லாபம். ஷாவ்மி போன்ற நிறுவனங்கள் விளம்பரத்துக்கு அதிகம் செலவிடாமலே வளர்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயினும் எல்லாத் தட்டுப்பாடும் நாடகம் என்று நான் நினைக்கவில்லை. வாங்க வந்தவர் காத்திருக்கப் பொறுமையின்றி வேறு நிறுவனப் போனை வாங்கிவிட்டால் அந்த விற்பனை போனது போனதுதான். சிறிதளவு கூடுதல் தட்டுப்பாடு லாபம், பெரிதளவு தட்டுப்பாடு நட்டம். இரண்டுக்கும் இடையிலான கோட்டை எந்த நிறுவனமும் சரியாகப் பிடித்துவிடுவதில்லை.

ஒரே இணையதளத்தில் மட்டும் விற்பது வேறு விஷயம். அது தெருக்கடையில் செயற்கையாகவே தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது. அமேசான், ஃபிளிப்கார்ட் மீதான புகார்களை விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரி 13 அன்று உத்தரவிட்டது. திறன்பேசி நிறுவனங்கள் சில இத்தளங்களோடு சேர்ந்து தனிப்பட்ட வெளியீடுகளை நடத்தியது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என அதன் விசாரணைப் பிரிவு கண்டதாக 2024-இல் செய்திகள் வந்தன. நிறுவனங்கள் இதை மறுக்கின்றன. தென்னிந்தியக் கடைக்காரர்களின் கூட்டமைப்பு ஒன்று, போதிய லாப விகிதம் இல்லாததாலும் பிற குறைகள் தீராததாலும் 2024 மே 1 முதல் ஒன்பிளஸ் பொருள்களை விற்பதில்லை என அறிவித்ததும் இந்தப் பூசலின் ஒரு பகுதி.

பொய்த் தட்டுப்பாட்டின் உச்சம் 2016 பிப்ரவரியில் வந்த ஃபிரீடம் 251. 251 ரூபாய்க்குத் திறன்பேசி! தளம் முதல் நாளே முடங்கியது. "கூட்டம் அதிகம், பிறகு வாருங்கள்" என்ற அறிவிப்பைப் பார்த்ததும் மக்களுக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடியது. அறிவித்தபடி போன்கள் வந்து சேரவே இல்லை. அடுத்த ஆண்டு நிறுவனத்தின் இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானார்.

கடையில் நிற்பவருக்கு உள்ள உரிமைகள்

தட்டுப்பாடு வந்தால் பொருளியல் பாடப்படி விலை ஏற வேண்டும். திறன்பேசியில் பெட்டிமேல் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருப்பதால் கடைக்காரர் அதற்கு மேல் வாங்க முடியாது. வாங்கினால் சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஆகவே ஏறாத விலை வேறு உருவில் ஏறுகிறது. சென்ற ஆண்டு உறவினர் பையனுக்காக நான் ஒரு கடைக்குப் போனபோது, போன் உண்டு, ஆனால் உறை, கண்ணாடித் தாள், காப்பீடு மூன்றும் சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் ஏழாயிரத்துக்கு மேல். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். தரவில்லை. போனும் தரவில்லை.

ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என வகைப்படுத்துகிறது. விலை உயரும் வகையில் பொருளைப் பதுக்குவதும், விற்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. 2022 ஜூன் 9 அன்று வெளியான விளம்பர வழிகாட்டுதல்கள் தூண்டில் விளம்பரம் பற்றியும் பேசுகின்றன. போதிய கையிருப்பு இல்லை என்று தெரிந்தால், கையிருப்பு குறைவு என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் வாங்குவோருக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் பொருந்தும். ஆர்டரை நிறுவனமே ரத்து செய்யும்போது தனக்குத் தண்டம் எதுவும் விதித்துக்கொள்ளாத தளம், நாம் ரத்து செய்தால் மட்டும் கட்டணம் பிடிக்கக் கூடாது.

பெட்டி பிரிக்காத போனைக் கூடுதல் விலைக்குத் தனியாள் ஒருவர் தருகிறார் என்றால் மூன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பில் கிடைக்குமா? வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? மூன்றாவது ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் அது திரையில் தெரியும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2023 மே மாதம் தொடங்கிய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், போன் முடக்கப்பட்டதா, போலியா என்று தெரிந்துவிடும். முன்பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. தட்டுப்பாட்டு வாரங்களில்தான் அவை அதிகம் வரும்.

புகார் சொல்லத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், ராஜகீழ்ப்பாக்கம் உள்ளிட்ட தாம்பரம் மாநகராட்சிப் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில், முன்பதிவு ரசீது, கடைக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.